கல்லூரி வாத்தியாருக்குக் கற்றுக்கொடுப்பது யார்?

(மைசூருவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் பேசியதிலிருந்து)



நம்மவர்களில் வாத்தியார் உத்தியோகம் பார்த்தவர் ஒருவராவது இல்லாத குடும்பம் அபூர்வம். அதனால் இந்த விஷயத்தைப் பேச இதைவிடத் தகுந்த சபை எனக்குக் கிடைக்காது.

எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதே பையன் நான்கு வருஷம் கழித்துக் கல்லூரிக்கு வந்தால், அவனுக்குப் பாடம் நடத்த எம்.எஸ்ஸி.யும் நெட் தேர்வும், அல்லது பிஎச்.டி.யும் இருந்தால் போதும். யு.ஜி.சி. நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் பற்றிக் கேள்விகள் உண்டு. ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வேறு, எழுபது பேருக்கு முன்னால் சாக்பீஸுடன் நிற்பது வேறு.

"மேதைகளுக்குப் பயிற்சி எதற்கு? ராதாகிருஷ்ணன் எங்கே படித்தார்?" என்று சிலர் கேட்பதுண்டு. அவர் 1918 முதல் 1921 வரை நம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்ததும், கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது மாணவர்களே வண்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை போனதும் எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய் எல்.டி. பயிற்சி பெற்றவர். ஆசிரியர் தினம் யார் பிறந்தநாளில் கொண்டாடப்படுகிறதோ அவரே பயிற்சிக்குப் போனவர்தான்.

நம் வேத பாடசாலைகளிலும் இந்த வழக்கம் உண்டே! மூத்த வித்யார்த்தி இளையவனுக்குச் சந்தை சொல்லிக்கொடுப்பான். அத்யாபகர் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். ஸ்வரம் பிசகினால் அங்கேயே திருத்துவார். கல்லூரியில் வகுப்புக் கதவைச் சாத்திய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க யாரும் இல்லை.

இந்தக் குறையைப் போக்கத்தான் 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு யு.ஜி.சி. 1987இல் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் திட்டத்தைத் தொடங்கியது. மானசகங்கோத்ரியிலும் ஒன்று அமைந்தது. 2015இல் இவற்றின் பெயர் மனிதவள மேம்பாட்டு மையம் ஆயிற்று. 2023இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் என்று மறுபடி மாற்றினார்கள். பெயர்ப்பலகை எழுதுபவருக்கு நல்ல காலம்! புதிதாகச் சேர்ந்தவருக்கு ஓரியண்டேஷன், பழையவருக்குத் தம் பாடத்திலேயே ரிஃப்ரெஷர். இவற்றை முடித்தால்தான் பதவி உயர்வு. அங்கேதான் சிக்கலும் ஆரம்பம். சான்றிதழுக்காக வருபவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் அங்கே உருப்படியாக நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மைக்ரோ டீச்சிங் என்பார்கள். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவான முறை. ஒரே ஒரு சின்ன விஷயத்தை ஐந்தாறு நிமிஷம் சக ஆசிரியர்கள் முன் நடத்த வேண்டும். நடத்தி முடித்ததும் அவர்கள் சொல்வார்கள்: "போர்டைப் பார்த்தே பேசினீர்கள், கேள்வி கேட்டுவிட்டு நீங்களே பதிலும் சொன்னீர்கள்." பிறகு அதையே திருத்தி மறுபடி நடத்த வேண்டும். இருபது வருஷ அனுபவஸ்தர்களுக்கும் அங்கே வியர்த்துவிடும்.

இதனால் மாணவனுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஒரு உதாரணம். நஞ்சன்கூடு, ஹெக்கடதேவன்கோட்டை பக்கமிருந்து வரும் பிள்ளைகள் பலர் பத்தாவது வரை கன்னடத்தில் படித்தவர்கள். அதற்குப் பிறகு எல்லாம் திடீரென்று இங்கிலீஷ். ஸ்பீடு என்பதற்குத் தமிழ்ப் பாடநூலில் வேகம், வெலாசிட்டிக்குத் திசைவேகம். கன்னடப் பாடநூலிலோ ஸ்பீடு என்றால் 'ஜவ', வெலாசிட்டிதான் 'வேக'. தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வரும் இளம் ஆசிரியர், உதவி செய்யும் நல்ல எண்ணத்தோடு ஸ்பீடு என்றால் 'வேக' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது! மாணவன் தப்பாக எழுதிக்கொள்வான், கேட்கவும் மாட்டான். முதல் செமஸ்டரில் ஃபெயிலாகிப் படிப்பை விடும் பிள்ளைகளை முட்டாள்கள் என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "பக்கத்தில் இருப்பவனுக்குக் கன்னடத்தில் சொல்லிக் காட்டு" என்று இரண்டு நிமிஷம் கொடுத்தால் உண்மை வெளியே வரும். இது புத்திசாலித்தனம் அல்ல, பழக்கிக்கொள்ள வேண்டிய வித்தை.

இந்த வித்தை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் எட்டுவதில்லை. கர்நாடக அரசுக் கல்லூரிகளில் பல ஆயிரம் பேர் அதிதி உபன்யாசகர்கள், அதாவது கௌரவ விரிவுரையாளர்கள். தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். முதலாண்டுப் பிள்ளைகளில் பலர் இவர்கள் கையில்தான். பதவி உயர்வே இல்லாதவருக்கு அதற்கான பயிற்சி எதற்கு என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. மூன்று வாரம் வகுப்பை விட்டுப் போனால் சம்பளம் என்ன ஆகுமோ, அடுத்த வருஷம் கூப்பிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு.

2020 கொரோனாவுக்குப் பிறகு ஆன்லைன் பயிற்சிகள் பெருகியது ஓரளவு நல்லதே. கைக்குழந்தையோடு இருக்கும் ஆசிரியைகள் விடுதியில் தங்காமல் சேர முடிகிறது. ஆனால் கேமராவை அணைத்துவிட்டு சமையலறைக்குப் போகவும் முடிகிறது!

உங்களில் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் 1962 முதலே இதற்கென்று ஒரு மையம் இருக்கிறது. இப்போது அங்கே பல பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆசிரியர் கேட்டுக்கொண்டால் ஒருவர் வந்து வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, தனியாக அவரிடம் மட்டும் சொல்வார். அந்த ரகசியம் காக்கப்படுவதால்தான் ஆசிரியர்கள் பயப்படாமல் கூப்பிடுகிறார்கள்.

நம் உறுப்பினர்களில் கல்லூரி நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்கள் உண்டு. கௌரவ விரிவுரையாளரைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி அவர்கள் வாதாட வேண்டும். ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அழைத்தால் மாதம் ஒரு நாள் ஒரு இளைஞரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்க நான் தயார். வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் உட்காருவதுதான் நமக்குக் கொஞ்சம் கஷ்டம். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.