பாட்டுக்குள் அரசியல்: வைப்பவர் யார்?



ஒரு பாட்டுக்கு அரசாங்கம் எந்த அளவுக்குப் பயப்படும்? நைஜீரியாவைப் பார்த்தால் தெரியும்.

ஃபேலா குட்டி அந்நாட்டின் பெரும் பாடகர். சாமானியர் பேசும் பிஜின் ஆங்கிலத்தில் பாடினார். 1976இல் ‘ஸோம்பி’ வெளிவந்தது. சிந்திக்காமல் கட்டளைக்கு ஆடும் இராணுவத்தினரை நடைப்பிணங்கள் என்று கேலி செய்த பாட்டு அது. 1977 பிப்ரவரி 18ஆம் நாள், சுமார் ஆயிரம் வீரர்கள் லாகோசில் இருந்த அவரது வீட்டைச் சூழ்ந்து தாக்கினர். வீடு எரிந்தது. பெண்ணுரிமைக்குப் போராடிய அவருடைய தாயார் ஃபுன்மிலாயோ மாடி ஜன்னலிலிருந்து தூக்கி எறியப்பட்டார். மறு ஆண்டு அவர் இறந்தார். அப்போதும் ஃபேலா பாடுவதை நிறுத்தவில்லை.

அன்று நாட்டை ஆண்ட இராணுவத் தலைவர் ஒபசாஞ்சோ. பின்னர் மக்கள் வாக்களித்து அவரே அதிபரானார். 2004இல் ஈட்ரிஸ் அப்துல்கரீம், நாட்டின் சீர்கேட்டைச் சாடி ‘ஜாகா ஜாகா’ பாடினார். இம்முறை இராணுவம் வரவில்லை. வானொலி, தொலைக்காட்சித் தடைதான் வந்தது. ஆட்சிமுறை மாறியது, ஆயுதமும் மாறியது.

அதன்பின் வந்த தலைமுறையினரோ காதலையும் கொண்டாட்டத்தையும் பாடி உலகப் புகழ் பெற்றார்கள். பாட்டிலிருந்து அரசியல் போய்விட்டதே என்று பெரியவர்கள் குறைபட்டார்கள். உண்மையில் போய்விட்டதா?

2020 அக்டோபரில் காவல்துறையின் சார்ஸ் பிரிவை எதிர்த்து இளைஞர்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்கள் வாயில் ஒலித்தது டாவிடோவின் ‘ஃபெம்’. போலீசைப் பற்றி எழுதப்பட்ட பாட்டல்ல அது. ‘வாயை மூடு’ என்று பொருள்படும் அந்தச் சொல்லை ஆட்சியாளர்களை நோக்கித் திருப்பினார்கள் மக்கள். அக்டோபர் 20ஆம் நாள் லெக்கி டோல் சாவடியில் இராணுவம் சுட்டது. அந்தத் தேதியையே தலைப்பாக்கி, அதே மாதத்தில் பர்னா பாய் பாட்டு வெளியிட்டார்.

மாற்றம் இதுதான், நேயர்களே. அன்று பாடகர் முன்னே போனார், மக்கள் பின்னே வந்தார்கள். இன்று மக்கள் முன்னே போகிறார்கள், பாடகர் பின்னே வருகிறார்.

இது நல்லதா? ஒரு பாடகரின் வீட்டைக் கொளுத்தலாம். ஆயிரம் பேர் சேர்ந்து பாடும் பாட்டைக் கொளுத்த முடியாது. ஆனால் கூட்டம் கலைந்த பிறகும் கேள்வி கேட்க ஒரு குரல் வேண்டும். 2025 ஏப்ரலில் அதே ஈட்ரிசின் புதிய பாட்டுக்கு மீண்டும் ஒலிபரப்புத் தடை விதிக்கப்பட்டது. அந்த ஒற்றைக் குரலின் மதிப்பு அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. கேட்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.