ஒரு சொட்டு இரத்தம், இருபது நிமிடம்



இன்று சான்றிதழ் பெறும் இளம் தாதியர், மருத்துவ உதவியாளர்கள், ஆய்வுக்கூடப் பணியாளர்கள், மருந்தகப் பணியாளர்களான உங்களில் அநேகமாக எல்லாருமே 1989க்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த ஆண்டில்தான் நம் மலேசியாவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கியது. நீங்கள் பிறந்து கண் திறப்பதற்குள் ஒரு தாதி உங்கள் தொடையில் முதல் ஊசியைப் போட்டிருப்பார். ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. பிறந்த உடனே போடுவதற்குக் காரணம் உண்டு. பிரசவத்தின்போது தாயிடமிருந்து இந்தக் கிருமி தொற்றிய பச்சிளங்குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். வளர்ந்த பிறகு தொற்றினால் பெரும்பாலோருக்கு உடம்பே அதை விரட்டிவிடும். ஆகவே அந்த முதல் ஊசியின் மதிப்பு மிகப் பெரியது.

இதோ பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் உங்கள் அப்பா அம்மாக்களுக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. தாத்தா பாட்டிகளுக்குக் கிடைத்திருக்க வழியே இல்லை. பெற்றோர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் இரத்தம் சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா? சர்க்கரை பார்த்திருப்பீர்கள், கொழுப்பு பார்த்திருப்பீர்கள். இதைப் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகில் 25 கோடியே 40 லட்சம் பேருக்கு ஹெப்படைட்டிஸ் பி, 5 கோடிப் பேருக்கு ஹெப்படைட்டிஸ் சி இருக்கிறது. பி உள்ளவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் சி உள்ளவர்களில் 36 விழுக்காட்டினருக்கும் மட்டுமே அது கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு 3,500 பேர் இதனால் சாகிறார்கள்.

நம்மவர்கள் கண் மஞ்சளாகும்வரை காத்திருப்பார்கள். இந்த இரண்டு கிருமிகளும் இருபது, முப்பது ஆண்டுகள் வலி, காய்ச்சல், மஞ்சள் எதையும் காட்டாமல் ஈரலில் இருக்கக்கூடியவை. நான் அரசு மருத்துவப் பணியில் இருந்த காலத்தில் ஒரு லோரி ஓட்டுநர் என்னிடம் வந்தார். வயிறு நீர் கோத்து முரசு மாதிரி உப்பியிருந்தது. கைகால் குச்சியாகிவிட்டது. கூட வந்த மனைவியின் பிளாஸ்டிக் பையில் வாயுத் தொல்லைக்கு வாங்கிய மாத்திரைப் பட்டைகள் நிறைய இருந்தன. இளம் வயதில் விபத்தில் அடிபட்டு இரத்தம் ஏற்றிக்கொண்டவர் அவர். 1994க்கு முன் இங்கே தானமாகப் பெற்ற இரத்தத்தை ஹெப்படைட்டிஸ் சிக்காகச் சோதிக்கும் வழக்கம் இல்லை. அந்தக் கிருமியே 1989இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு முறை யாராவது அவரைச் சோதித்திருந்தால் அந்த வயிறு அப்படி ஆகியிருக்காது.

காமாலைக்குக் கொடுக்கும் கீழாநெல்லியைப் பற்றியும் பேசியாக வேண்டும். நாளை நீங்கள் சந்திக்கப்போகும் தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பேச்சு கட்டாயம் வரும். பூச்சட்டியில், சாக்கடை ஓரத்தில் தானாக முளைக்கும் அந்தச் செடியைப் பறித்து, கழுவி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். தயவுசெய்து அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பர்க்கே அந்தச் செடியை ஆராய்ந்திருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவோடு அவர் சேர்ந்து செய்த ஆய்வு 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 விழுக்காட்டினரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 விழுக்காட்டினருக்கே மறைந்தது என்று அதில் எழுதியிருந்தார்கள். உலகமே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியவர்களுக்கும் நம்பத்தகுந்த ஆதாரம் அகப்படவில்லை. கீழாநெல்லிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் ஹெப்படைட்டிஸ் ஏ. கெட்டுப்போன தண்ணீராலும் சாப்பாட்டாலும் வரும் அந்தக் காமாலை சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். கடைசியாக எதைக் குடித்தோமோ அதற்குப் புகழ் போய்விடும். ஆகவே பாட்டியிடம் வாதாட வேண்டாம். “பாட்டி, முதலில் இரத்தத்தைப் பார்த்துவிடுவோம், எந்தக் காமாலை என்று தெரிந்துகொள்வோம்” என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

இனி மருந்துக்கு வருகிறேன். ஹெப்படைட்டிஸ் பியை முழுவதும் துடைத்தெறியும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் தினம் ஒரு மாத்திரையால் அதை அடக்கி வைத்து ஈரலைக் காப்பாற்ற முடியும். ஹெப்படைட்டிஸ் சிக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் அதைக் குணப்படுத்த முடியும். முன்பு வாரா வாரம் இண்டர்பெரான் ஊசி போட்டோம். மாதக்கணக்கில் காய்ச்சல், முடி உதிர்தல், மனச்சோர்வு என்று நோயாளிகள் பாதியிலேயே ஓடிப்போவார்கள். 2013இல் சோபோஸ்புவிர் மாத்திரை வந்தது. பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் போதும். அப்போது அமெரிக்காவில் அதன் விலை 84,000 டாலராக இருந்தது, ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். அதைத் தயாரித்த கிலியட் நிறுவனம் 2014இல் ஏழை நாடுகளுக்கு மலிவாகச் செய்து விற்க இந்தியக் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தபோது, அந்தப் பட்டியலில் மலேசியாவின் பெயர் இல்லை. நாம் நடுத்தர வருமானமுள்ள நாடாம். வருமானம் நடுத்தரமாக இருந்தால் நோயாளியின் பையில் லட்சக்கணக்கில் வெள்ளி இருக்கும் என்று யார் சொன்னது?

2017 செப்டம்பரில் நம் அரசாங்கம் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. காப்புரிமை இருந்தாலும் அரசு மருத்துவமனைகளின் தேவைக்கு மலிவான மாத்திரையை வாங்கும் உரிமையை நாட்டுக்கு அளிக்கும் பிரிவு அது. ஹெப்படைட்டிஸ் சி மருந்துக்கு இப்படிச் செய்த முதல் நாடு மலேசியா. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் ச. சுப்பிரமணியம். நாம் கூடியிருக்கும் இதே ஜொகூரின் சிகாமட் தொகுதி மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தமிழர். அந்த முடிவுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கிலியட் மலேசியாவைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் அரசாங்கம் பின்வாங்கவில்லை. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசமானது. அரசியலில் எனக்கு எந்தச் சார்பும் இல்லை. ஆனால் ஒரு கையெழுத்து எத்தனை ஈரல்களைக் காப்பாற்றும் என்பதற்கு என் காலத்தில் இதைவிடப் பெரிய சான்றை நான் பார்க்கவில்லை.

ஜெனீவாவிலுள்ள டிஎன்டிஐ என்ற லாப நோக்கமற்ற அமைப்பும் எகிப்தின் ஃபார்கோ மருந்து நிறுவனமும் 2016இல் முழுச் சிகிச்சைக்கும் 300 டாலருக்கு மேல் போகாத விலையில் மருந்து தர ஒப்பந்தம் செய்தன. அப்படி வந்த ரவிடாஸ்விர் என்ற மருந்தை, சோபோஸ்புவிரோடு சேர்த்து, நம் மலேசிய நோயாளிகளிடமும் தாய்லாந்து நோயாளிகளிடமும் சோதித்தார்கள். 301 பேர். நூற்றுக்கு 97 பேர் குணமானார்கள். 2021இல் நம் நாடு அதற்கு ஒப்புதல் அளித்தது. 2023இல் அது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது.

ஆக மருந்து இருக்கிறது, விலை இறங்கிவிட்டது, சட்டமும் துணை நின்றது. ஆனால் நோயாளி வரவில்லை. தனக்கு நோய் இருப்பது தெரியாதவர் எப்படி வருவார்? இங்கேதான் நிபுணர்களின் வேலை முடிந்து உங்கள் வேலை தொடங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் ஈரல் நிபுணர் யாரையும் தேடிப் போக முடியாது. இதை உணர்ந்துதான் சுகாதார அமைச்சு, டிஎன்டிஐ, நோயறியும் சோதனைகளுக்காக இயங்கும் ஃபைண்ட் ஆகிய அமைப்புகளோடு சேர்ந்து 25 அரசாங்கக் கிளினிக்குகளில் விரல் நுனிச் சோதனையைத் தொடங்கியது. மற்ற எந்த நோய்க்காகவும் ஒரு வெள்ளி கட்டி டோக்கன் எடுத்து உட்காரும் அதே கிளினிக்கில் இதையும் பார்த்துவிடலாம் என்று ஆனது.

அந்தச் சோதனையை நீங்கள் வகுப்பில் செய்து பழகியிருப்பீர்கள். விரலைத் துடைத்து, ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைப் பஞ்சில் எடுத்துவிட்டு, அடுத்த சொட்டைப் பட்டையில் விட வேண்டும். பிறகு இருபது நிமிடம். சி என்ற எழுத்துக்கு நேரே கோடு விழுந்தால் பட்டை சரியாக வேலை செய்கிறது; டி எழுத்துக்கு நேரேயும் விழுந்தால், அது மங்கலாக இருந்தாலும், அந்த உடம்பு எப்போதோ கிருமியைச் சந்தித்திருக்கிறது. இந்த இருபது நிமிடத்தில் நீங்கள் பேசும் பேச்சுதான் முக்கியம் என்பது என் அழுத்தமான எண்ணம். இரண்டாவது கோடு விழுந்தாலே நோய் என்று பொருளில்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கிருமி தானாகவே போயிருக்கும். அடுத்து எடுக்கும் இரத்தத்தில்தான் கிருமி இப்போது இருக்கிறதா என்று தெரியும். இதை அவர் புரிந்துகொள்ளும்படி சொல்லாவிட்டால் அடுத்த சோதனைக்கு அவர் வரமாட்டார். முதல் கோட்டுக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவில்தான் ஆட்கள் தொலைகிறார்கள்.

அவர்கள் ஏன் வருவதில்லை என்று கோபப்படும் முன் அவர்களின் நாளைப் பாருங்கள். இங்கே ஜொகூரின் தெப்ராவிலிருந்தும் பக்கத்துத் தாமான்களிலிருந்தும் விடியுமுன் மோட்டார் எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! திரும்பி வரும்போது கிளினிக் பூட்டியிருக்கும். ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அவர்களுக்காக வார இறுதியில் கோயில் மண்டபத்தில் முகாம் வைக்கலாம். இரத்த தான முகாமில் கிருமி தெரியவந்து கடிதம் வாங்குகிறவர்கள் உண்டு. அந்தக் கடிதத்தை அலமாரியில் ஒளித்து வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அந்தக் கோயிலிலேயே, மொட்டை போடும் இடத்தில் ஒவ்வொரு தலைக்கும் புது பிளேடு மாற்றுகிறார்களா என்று கேளுங்கள். கோயில் நிர்வாகத்தாரிடம் பணிவாகச் சொன்னால் கேட்பார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. போதை ஊசி போட்டுக்கொண்டவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள். ஹெப்படைட்டிஸ் சி மிக அதிகமாக இருப்பது அவர்களிடம். மலேசியா 2005இல் போதைக்கு மாற்றாகத் தரும் மெதடோன் சிகிச்சையையும், அடுத்த ஆண்டு ஊசி மாற்றித் தரும் திட்டத்தையும் தொடங்கியபோது எத்தனையோ பேர் எதிர்த்தார்கள். அந்தத் திட்டங்கள் உயிர் காத்தன. அவர்களில் ஒருவர் உங்கள் மேசைக்கு முன் வந்து கையை நீட்டும்போது, அந்தக் கையிலுள்ள தழும்புகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தீர்களானால் அவர் திரும்ப வரமாட்டார். “உட்காருங்கண்ணே, தண்ணி குடிச்சீங்களா?” என்று கேளுங்கள். நரம்பு கிடைக்காமல் திண்டாடும்போது எங்கே குத்தினால் கிடைக்கும் என்று அவரிடமே கேளுங்கள், சொல்வார்.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இரண்டு செய்திகள். எகிப்தில் நத்தை வழி வரும் புழுநோயைத் தீர்க்கப் பல்லாண்டுகள் ஊசி போட்டபோது ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் ஹெப்படைட்டிஸ் சி நாடெங்கும் பரவியிருந்தது. அதே நாடு 2018, 2019இல் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 5 கோடிப் பேரைச் சோதித்தது. 2023இல் ஒழிப்புப் பாதையில் தங்கத் தரம் எட்டிய முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. மற்றொன்று நம் வீட்டுச் செய்தி. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018இல் மலேசியாவுக்குச் சான்று கிடைத்தது, மேற்குப் பசிபிக் வட்டாரத்திலேயே முதலாவதாக. தாய்சேய் நலக் கிளினிக்கின் தாதியர், வந்த ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் சலிக்காமல் இரத்தம் எடுத்ததால் வந்த வெற்றி அது.

பட்டதாரிகளே, வைரஸ் ஹெப்படைட்டிஸை ஒழிக்க உலகம் குறித்திருக்கும் ஆண்டு 2030. புதிய தொற்றுகளை 90 விழுக்காடும் சாவுகளை 65 விழுக்காடும் குறைக்க வேண்டும். நீங்கள் வேலைக்குச் சேரும் இடம் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையாக இருக்கலாம், உட்புறத்தில் ஒரு சிறிய கிளினிக்காக இருக்கலாம், தனியார் மருந்தகமாக இருக்கலாம். எங்கே இருந்தாலும், உங்கள் முன் வந்து உட்காரும் பெரியவர்களிடம் “ஹெப்படைட்டிஸ் பியும் சியும் சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்றே சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாம் சோதனைக்கு வராதவரின் எண்ணைக் குறித்து வைத்து நீங்களே கூப்பிடுங்கள். அவர் எடுக்காவிட்டால் மறுநாளும் கூப்பிடுங்கள்.