துணுக்கும் அறிவுதான்!

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் இனிய எதிரிகளே, இரவு பத்து மணியாகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் மேலப்பாளையத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

அறிவை வளர்ப்பது துணுக்குச் செய்தியா, தொடர்ந்த படிப்பா என்பது தலைப்பு. எதிரணிப் பேராசிரியை சொன்னார்கள்: "துணுக்கு என்பது பொரிகடலை. கொறிக்கலாம், பசி ஆறாது." அம்மா, சோறு வேகிற வரைக்கும் பிள்ளை அழாம இருக்கிறதே அந்தப் பொரிகடலையாலதான்! (கைதட்டல்)

ஆத்துக்கு அக்கரையில் நெல்லையப்பர் கோயில். மணிமண்டபத்தில் இசைத்தூண்கள். நடுவில் பெரிய தூண், சுற்றிலும் மெலிந்த சிறு தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியவை. தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு நாதம். 'இசைத்தூண் உள்ள கோயில் எது?' ஒரு மார்க் கேள்விதான். ஆனா ஒரு பையன் எழுந்து, "கல்லு எப்படி சார் பாடும்?" என்று கேட்டுவிட்டால்? தூணின் பருமனும் உயரமும் மாறினால் அதிர்வு மாறும், அதிர்வு மாறினால் சுருதி மாறும் என்று பௌதிகம் பேச வேண்டும். சுருதி என்றதும் சங்கீதத்துக்கு ஓடணும். செதுக்கியது யார் என்று சரித்திரத்துக்கு ஓடணும். தமிழ் வாத்தியார் நான் எங்கே போவேன், சொல்லுங்க! (சிரிப்பு)

மனப்பாடத்தையும் இளக்காரமாகப் பேசினார்கள். நம்ம நாகர்கோவில் இடலாக்குடியில் 1874இல் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். 1907 மார்ச் 10ஆம் தேதி சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். ஒரே அமர்வில் நூறு காரியங்களில் கவனம்! ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இதற்கு நடுவே முதுகில் விழுகிற கல்லையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வீட்டில் சொன்ன மூணு சாமானே கடைக்குப் போறதுக்குள்ள மறந்துபோகுது! (சிரிப்பு)

குறும்புக்காரர் ஒருவர், 'துருக்கன்' என்ற சொல் வரும்படி இராமகாதையில் ஒரு பாட்டுக் கேட்டாராம். இஸ்லாமியப் புலவர் திணறட்டும் என்று எண்ணம். பாவலர் சிரித்துக்கொண்டே இராமன் தம்பி சத்துருக்கனை அழைத்துவந்து நிறுத்திவிட்டார் என்று சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். சீறாப்புராணத்துக்கு உரை எழுதிய அந்த நெஞ்சில் கம்பனும் கையிருப்பாக இருந்ததனால்தானே அது முடிந்தது?

எதிரணி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விடையோடு நின்றுவிட்டால் துணுக்கு செத்த சரக்கு. அது யார் கையில் போய்ச் சேருகிறது என்பதுதான் விஷயம்.

இந்த ஊர்ப் பெண் ஒருத்தி என்னிடம் படித்தாள். உம்மா பீடி சுற்றுகிறவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இந்தப் பெண் அரசுத் தேர்வுக்காகப் பொது அறிவுப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பாள். உம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு, கை பாட்டுக்கு வேலை செய்ய, காதால் கேட்பார். ஒருநாள், "சுலோசன முதலியார் பாலம் திறந்த ஆண்டு, 1843" என்று வாசித்திருக்கிறாள். உம்மா கையை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்: "அந்த மனுசன் ஏன்ளா சொந்தக் காசைப் போட்டுக் கட்டினாரு?"

புத்தகத்தில் விடை இல்லை. மறுநாள் என்னிடம் வந்து கேட்டாள். முப்பது வருஷமா அந்தப் பாலத்து மேல போய்வருகிற எனக்கும் தெரியவில்லை! முனைவர் பட்டம் சட்டைப் பைக்குள் சுருங்கிப்போச்சு. தேடிப் படித்துத்தான் சொன்னேன். அதுவரை இரு கரைக்கும் நடுவே படகுதான் கதி. பாலத்துக்குப் பணம் திரட்டுகிற பேச்சு வந்தபோது, கலெக்டர் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த அவர், தானே தருவதாகச் சொல்லிவிட்டார். மனைவியின் நகையும் அதில் போனதாக நெல்லையில் சொல்வார்கள்.

அந்தப் பெண் தேர்வு எழுதி வேலைக்குப் போய்விட்டாள். ஒரு மார்க் கேள்விகள்தான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகின்றன. உம்மா இன்னும் விடவில்லை. போன வாரம் மகளிடம் அடுத்த கேள்வி கொடுத்து அனுப்பியிருக்கிறார்: "பாலம் வந்த பொறவு படகு ஓட்டினவங்க பொழைப்புக்கு என்ன செஞ்சாங்கன்னு சார்ட்ட கேளு."

தேடிக்கொண்டிருக்கிறேன். நடுவர் மணி மேல கையை வச்சுட்டார். (பலத்த கைதட்டல்)