சோகையும் இரத்தக் கொழுப்பும்



இரத்தச் சோதனைத் தாளில் கொலஸ்டிராலின் அளவு கூடியிருந்தால் வீட்டில் கவலை குடிகொள்கிறது. குறைந்திருந்தால் மகிழ்ச்சி பிறக்கிறது. பொதுவாக இந்த எண்ணம் தவறன்று. ஆயினும், பெற்றோர் வழியாக வரும் சில சோகை நோய்களில் இந்த அளவு மிகவும் தாழ்ந்து நிற்கும். அத்தாழ்வு நலத்தின் அடையாளமா, நோயின் அடையாளமா என்பதைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கொலஸ்டிரால் நஞ்சன்று. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வுக்கு அது இன்றியமையாத கட்டடப் பொருள். அதன் பெரும்பகுதியை உடல் தானே ஆக்கிக்கொள்கிறது. எஞ்சியது உணவிலிருந்து வருகிறது. அது நீரில் கரையாதாகையால், புரதத்தோடு கூடிய சிறு பொதிகளாக இரத்தத்தில் செல்கிறது. அப்பொதிகளுள் எல்.டி.எல். எனப்படுவது மிகுந்தால், தமனிகளின் சுவரில் படிந்து மாரடைப்புக்கு வழிகோலும். தேவைப்படும் உயிரணுக்கள் தம் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளால் இப்பொதிகளைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இதனைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவருக்கு 1985ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இனிச் சோகைக்கு வருவோம். இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். மடிகின்றவற்றை ஈடு செய்வதற்காக, எலும்பு மஜ்ஜை வினாடிக்குச் சுமார் 20 இலட்சம் புதிய அணுக்களைப் படைத்துக்கொண்டே இருக்கிறது. பரம்பரைச் சோகைகளில் இந்தக் கணக்குப் பிறழ்ந்துவிடுகிறது.

1910ஆம் ஆண்டில் சிக்காகோ நகர மருத்துவர் ஹெரிக், ஒரு நோயாளியின் இரத்தத்தில் அரிவாள் போல வளைந்த அணுக்களைக் கண்டதாக எழுதினார். அந்நோயில் சிவப்பணுவின் வாழ்நாள் 10 முதல் 20 நாட்களே. நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையேயும் இத்தன்மை உண்டு என்பதை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் 1952இல் வெளியிட்டனர். மற்றொரு நோய், டெட்ராய்ட் நகரத்து மருத்துவர் கூலி 1925இல் விவரித்த தலசீமியா. இதில் அணுக்கள் பல, மஜ்ஜையை விட்டு வெளிவருவதற்கு முன்பே அழிகின்றன. மூன்றாவது, அணுக்கள் உருண்டை வடிவம் பெற்று மண்ணீரலில் சிதைவுறும் நோய். இம்மூன்றிலும் மஜ்ஜை ஓய்வின்றி, இயல்பைவிடப் பன்மடங்கு உழைக்கிறது. புதிதாகத் தோன்றும் ஒவ்வோர் அணுவுக்கும் சவ்வு வேண்டும். சவ்வுக்குக் கொலஸ்டிரால் வேண்டும்.

ஒரு குயவர் வீட்டை எண்ணிப் பாருங்கள். வனைந்த பானைகள் நாள்தோறும் உடைந்துகொண்டே இருந்தால், அவர் மேலும் மேலும் வனைய வேண்டும். முற்றத்திலுள்ள களிமண் குவியல் சிறுத்துக்கொண்டே போகும். குவியல் சிறிதாயிருப்பதைக் கண்டு, “இவர் வீட்டில் எல்லாம் செம்மையாக நடக்கிறது” என்று வழிப்போக்கர் கூறுவாரானால், அது பொருந்துமா? இரத்தக் கொலஸ்டிரால் 200 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது என்கிறோம். இந்நோயாளரிடம் அது 100ஐ ஒட்டி நிற்பதும் உண்டு. அது செலவின் மிகுதியால் வந்த குறைவு.

இதற்குச் சான்று என்ன என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மஜ்ஜை மிகுந்து உழைக்கும் சோகைகளில் கொலஸ்டிரால் தாழ்ந்திருப்பதையும், மஜ்ஜையே சோர்ந்து கிடக்கும் சோகைகளில் அவ்வாறு தாழாதிருப்பதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். உருண்டை அணு நோயில் மண்ணீரலை அகற்றினால் அணுக்கள் நெடுநாள் வாழ்கின்றன, மஜ்ஜையின் சுமை குறைகிறது, கொலஸ்டிரால் உயர்கிறது. இவையன்றி வேறு காரணங்களும் துணை நிற்கின்றன. சிதைந்த அணுக்களை விழுங்கும் உயிரணுக்கள் கொழுப்புப் பொதிகளையும் சேர்த்து விழுங்குகின்றன. இரும்பு படிந்து பழுதுற்ற கல்லீரலின் ஆக்கமும் குறைகிறது.

எல்லாக் கொழுப்பும் இவ்வாறு குறைவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நன்மை செய்வதாகக் கூறப்படும் எச்.டி.எல். இவர்களிடம் தாழ்ந்திருக்க, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்போ பலரிடம் உயர்ந்திருக்கிறது.

அப்படியானால், கொலஸ்டிரால் குறைந்த இவர்தம் இதயம் பாதுகாப்பானதா? இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கடுமையான தலசீமியா உடையோர்க்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியுள்ளது. அவ்விரத்தத்தோடு வரும் இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. அது இதயத் தசையில் படிந்து அதனை நலியச் செய்கிறது. ஆகவே, இரும்பை நீக்கும் மருந்தை இடைவிடாது உட்கொள்வதே இவர்களுக்கு உயிர்க்காப்பு. “கொலஸ்டிரால் குறைவு, இதயத்திற்கு அச்சமில்லை” என்று அம்மருந்தைக் கைவிடுவது பேராபத்து. எண்ணை உயர்த்துவதற்காக நெய்யும் முட்டையும் அளவின்றி உண்பதும் பயன்தராது. உடைகின்ற அணுக்களை அவை உடையாமல் காக்கமாட்டா.

நோயின்றி அதன் கூறு ஒன்றை மட்டும் தாங்கி நிற்போர் பலர் உளர். அவர்கள் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். தலசீமியாக் கூறு தாங்கியோரிடமும் எல்.டி.எல். சற்றுக் குறைந்திருப்பது உண்டு. ஆனால் அவர்களுடைய இலேசான சோகையை இரும்புச்சத்துக் குறைவு என்று பிழைபடக் கருதி, ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பது உலக வழக்கமாயிருக்கிறது. சோதனையின்றி அவ்வாறு செய்யலாகாது.

மாணவர்களே, இந்த அறிவு உங்கள் வாழ்க்கைக்கே பயன்படுவது. கூறு தாங்கிய ஆணும் கூறு தாங்கிய பெண்ணும் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. திருமணத்திற்கு முன்பே எளிய இரத்தச் சோதனையால் இதனை அறியலாம். கூறு தாங்குதல் குற்றமுமன்று, இழிவுமன்று; அறியாதிருத்தலே துன்பத்திற்கு இடமளிப்பது. உங்கள் வகுப்பில் இந்நோயுடைய தோழன் ஒருவன் இருந்தால், அவன் விரைவில் களைப்படைவதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். நீங்கள் உறங்கும்போதும் அவன் மஜ்ஜை உழைத்துக்கொண்டிருக்கிறது.

நாற்பது ஆண்டுக்காலம் மதிப்பெண் இட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நாற்பது என்ற எண்ணை மட்டும் கொண்டு ஒரு மாணவனை எடைபோட இயலாது. அது எத்தனைக்கு நாற்பது, எந்த நிலையில் பெற்றது என்று பார்க்க வேண்டும். இரத்தத்தின் எண்ணும் அத்தகையதே. அது கூடினும் குறையினும், ஏன் என்று மருத்துவரைக் கேட்டுத் தெளியுங்கள்.