சொந்த நிலத்தில் ஒரு குட்டை



நீரைத் தேக்கி வைக்கும் இடங்களுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள் உள்ளன என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? ஊரார் உண்ணும் நீருக்கு ஊருணி. வயலுக்குப் பாயும் நீருக்கு ஏரி. அதனையே பாண்டி நாட்டார் கண்மாய் என்பர். கோயிலை ஒட்டித் தெப்பக்குளம். ஆடு மாடுகள் இறங்கிக் குடிப்பதற்குக் குட்டை. இவற்றுள் மிகச் சிறியதாகிய குட்டையைப் பற்றியே, அதுவும் ஒருவர் தம் சொந்த நிலத்தில் தோண்டிப் பேணும் குட்டையைப் பற்றியே, இன்று பேச விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் ஓராண்டில் சராசரியாக ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவக்காற்றினால், ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில், பெருமழைகளாகக் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பெய்யும் நாட்கள் சில; நீர் தேவைப்படும் நாட்களோ பல. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழியே நீரைத் தேக்குவது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் என்னும் புலவர், நிலம் பள்ளமாகக் கிடக்கும் இடந்தோறும் நீர்நிலை அமைக்க வேண்டும் என்று அறிவுரை கூறியதைப் புறநானூற்றின் 18 ஆம் பாடலில் காணலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு வானம் பார்த்த புன்செய் நிலம் சிறிது உண்டு. அதன் கீழ்க்கோடியில் என் பாட்டனார் காலத்துக் குட்டை ஒன்று இருந்தது. ஆழ்குழாய்க் கிணறு வந்தபின் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. வண்டல் படிந்து, சீமைக் கருவேல் மண்டி, அது வெறும் பள்ளமாயிற்று. மண்ணிட்டு மேடாக்கி விற்றுவிடலாம் என்று உடன்பிறந்தார் சிலர் கருதினர். கோடைதோறும் ஆழ்குழாயின் நீர்மட்டம் கீழே இறங்கிக்கொண்டே போனதைக் கண்ட பின்னர், குட்டையைத் தூர் வாருவது என்று அனைவரும் ஒருப்பட்டோம்.

குட்டை என்றால் குழி என்று பலர் நினைக்கின்றனர். குழி தோண்டுவது எளிது; வேளாண்மைப் பொறியியல் துறை மண் தோண்டும் இயந்திரங்களை உழவர்களுக்கு வாடகைக்குத் தருகிறது. ஆனால் குழி மட்டும் குட்டையாகாது. நீர் வருவதற்கு ஒரு வழி, நிற்பதற்கு ஏற்ற மண், மிகுந்தபோது வெளியேற ஒரு வழி ஆகிய மூன்றும் கூடினால்தான் அது குட்டையாகும்.

முதலில் வரும் வழியைக் காண்போம். இதனை அறிய, மழை பெய்யும்போதே குடையுடன் நிலத்தில் நடந்து பார்க்க வேண்டும். பிறகு கணக்கிட வேண்டும். 1 ஹெக்டேர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 1 லட்சம் லிட்டர் ஆகும். எங்கள் குட்டைக்கு நீர் தரும் மேட்டு நிலம் 2 ஹெக்டேர். பருவம் முழுவதும் 30 சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கே ஓடி வருவதாகக் கொண்டாலும் 12 லட்சம் லிட்டர் கிடைக்கும். ஆகவே, 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் ஆழம் என்று வகுத்துக்கொண்டோம். பக்கங்கள் சரிவாக இருப்பதால் அதில் 10 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். ஓடிவரும் நீர் மண்ணையும் கொண்டுவரும் அன்றோ? அது குட்டைக்குள் படியாதிருக்க, நுழைவாயிலுக்கு முன்னே ஒரு சிறு வண்டல் குழி அமைத்தோம். ஆண்டுதோறும் அதனை வாரினால் போதும்.

அடுத்தது மண். ஈர மண்ணைக் கையில் உருட்டி, மேலே எறிந்து பிடிக்க வேண்டும். உதிராமல் நின்றால் அதில் களி உண்டு, நீர் தங்கும். அடியில் உள்ள களிமண் படுகையைக் கிழித்துச் சரளை தெரியும்வரை தோண்டினால், தேங்கிய நீர் விரைவில் கீழே இறங்கிவிடும். ஆகையால் முதலில் ஒரு சோதனைக் குழி வெட்டி, எந்த ஆழத்தில் சரளை தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டோம். வாரிய வண்டலை மணற்பாங்கான எங்கள் வயலிலேயே பரப்பினோம்.

ஆழத்துக்கும் ஒரு காரணம் உண்டு. வெயிலில் நீர்ப்பரப்பு நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் அளவு ஆவியாகிக் குறையும் எனக் கொண்டால், நிறைந்த குட்டையிலிருந்து அன்றாடம் 3,000 லிட்டர் வானுக்குப் போய்விடும். பரப்பு அகன்றால் இழப்பும் மிகும். ஆயினும் ஆழத்துக்காகப் பக்கங்களைச் செங்குத்தாக வெட்டலாகாது. கரை சரியும், தவறி விழுந்த கன்றோ குழந்தையோ ஏறி வர இயலாது. இக்காலத்தில் நெகிழித்தாள் விரிக்கும் குட்டைகளில் இந்த ஆபத்து இன்னும் மிகுதி. நனைந்த தாளில் கால் நிற்காது. அத்தகைய குட்டைக்கு வேலியும், பற்றி ஏறக் கயிறும் இன்றியமையாதவை. நாங்கள் தாள் விரிக்கவில்லை. ஒரு பக்கத்தில் படிகள் அமைத்தோம். கரையில் வெட்டிவேரும் பனையும் நட்டோம்.

மூன்றாவது, மிகுநீர் வெளியேறும் வழி. அதனைக் கலிங்கு என்பர். இதைப் பற்றிய பேச்சில்தான் நான் பெரியதோர் உண்மையை உணர்ந்தேன். வேலை தொடங்குமுன், மேற்புறத்து நிலத்துக்காரரான முதியவர் ஒருவர் வந்து, "தம்பி, உங்கள் கரை உயர்ந்தால் என் கொல்லையில் தண்ணீர் தேங்கிக் கடலை அழுகிவிடாதா?" என்று கேட்டார். கீழ்ப்புறத்துக்காரரோ, "ஐயா, நீங்கள் முழுவதையும் மறித்துக்கொண்டால் எங்கள் கிணற்றுக்கு என்ன வரும்?" என்றார். பட்டா எங்கள் பெயரில் இருக்கலாம். ஆனால் நீர் பட்டாவைப் படித்துவிட்டு ஓடுவதில்லை. அவ்விருவரையும் உடன் வைத்துக்கொண்டு, வளையும் குழாயில் நீரூற்றி மட்டம் பார்த்தோம். மேற்புறத்து நிலத்தைவிட ஒரு முழம் தாழ்வாகக் கலிங்கின் உயரத்தைக் குறித்தோம். அதன் வாயில் கல் பதித்து, மிகுநீரைப் பழைய ஓடையிலேயே சேர்த்தோம். அந்த ஓடை வழியாக அது கீழ்ப்புறத்தாரைச் சென்றடைகிறது.

முதலாண்டில் குட்டை பாதியே நிறைந்தது. இரண்டாம் ஆண்டு கார்த்திகையில் கலிங்கு வழிந்தது. அந்நீர் மாசி வரையில் நின்றது. சித்திரையில் குட்டை வறண்டுதான் போயிற்று. எனினும் அவ்வாண்டுக் கோடையில் கீழ்ப்புறத்துக்காரரின் கிணற்றில் இறைக்க நீர் இருந்தது. எங்கள் குட்டையில் ஊறிய நீர் அவர் கிணற்றில் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து கூற இயலாது. ஆனால் மறித்துக்கொண்டீர்கள் என்ற பேச்சு பிறகு எழவில்லை.

முன்னாளில் ஊர்க் குளங்களை ஊராரே கூடித் தூர் வாரி வந்தனர். அம்முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். காலப்போக்கில் நலிந்த அதனை, 2017 இல் தமிழ்நாடு அரசு அதே பெயருடைய திட்டமாகப் புதுப்பித்தது. தனியொருவர் நிலத்துக் குட்டைக்கும் அந்தப் பண்பு வேண்டும்; ஏனெனில் மேலிருப்பவரும் கீழிருப்பவரும் இசையாத இடத்தில் நீர் நிற்பதில்லை.

மாணவ நண்பர்களே! ஒரு குட்டையால் நாட்டின் பஞ்சம் நீங்கிவிடாது. ஆயினும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த மழையன்று உங்கள் பள்ளித் திடலில், அல்லது உங்கள் வீட்டு நிலத்தில் விழும் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வழியில் அதனை எது தடுக்கிறது என்று பாருங்கள். ஒரு தாளில் படமாக வரையுங்கள். அந்த நீர் யார் நிலத்துக்குப் போகிறது என்பதையும் அப்படத்தில் மறவாது எழுதுங்கள். மண்வெட்டியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுவே.