அளந்து பார்க்க வேண்டிய மூச்சு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் ஜூன் மாதத் தொடக்கத்தில், மிருகசிரா கார்த்தியை ஒட்டி, நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் கூடும் பெருங்கூட்டத்தை ஐதராபாத் தமிழர் யாவரும் அறிவோம். விரால் மீன் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்கின்றனர். ஆஸ்துமா அதனால் தீரும் என்பதற்கு அறிவியற் சான்று இல்லை. ஆயினும் வரிசையில் நிற்போரை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்தே விடிய வைத்தவன் எந்த வரிசையிலும் நிற்பான். அவர்களுள் எத்தனை பேர் தம் மூச்சை ஒரு முறையேனும் அளந்து பார்த்திருப்பர் என்பதே நம் கேள்வி.

நாம் மருத்துவம் கற்றவரல்லோம், இரயில்வேயில் கணக்கெழுதுபவர். எனவே எண்களைக் கொண்டே பேசுகிறோம்.

1846இல் இலண்டனில் ஜான் ஹட்சின்சன் என்பார், ஒருவர் ஊதும் காற்றின் அளவைக் கணக்கிடும் கருவியைப் பற்றி எழுதினார். அதன் வழிவந்த ஸ்பைரோமீட்டர் இன்றும் வழங்குகிறது. வேகமாக ஊதும் முழுமூச்சில் முதல் நொடிக்குரியது 70 விழுக்காட்டுக்குக் குறைந்து, குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னும் அவ்வாறே இருப்பின், பீடியாலோ விறகடுப்புப் புகையாலோ வரும் நாட்பட்ட அடைப்பு நோயென ஐயுறுவர்.

காற்றின் அளவைச் சொல்லும் கருவி, குழாயின் வீக்கத்தைச் சொல்லாது. 1991இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர், மனிதர் விடும் மூச்சில் நைட்ரிக் ஆக்ஸைடு இருக்கக் கண்டனர். (நம் டீசல் எஞ்சின் புகையிலும் உள்ள வாயுதான்!) ஆஸ்துமாவில் பெரும்பாலோர்க்கு மூச்சுக்குழாய் வீங்கும்போது இது மிகும். சிறு கருவியில் பத்து நொடி சீராக ஊதினால் போதும், ஊசி இல்லை. பெரியவர்க்கு நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழெனில் அவ்வகை வீக்கம் இருக்க வாய்ப்புக் குறைவு. 50க்கு மேலெனில் மிகுதி. உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து அவர்க்கு நன்கு பயன்படக்கூடும். புகைப்பவருக்கு எண் தாழ்ந்து காட்டும். பீடி நண்பர்கள் அதைக் கண்டு மகிழ வேண்டா. அவர்க்கு ஸ்பைரோமீட்டரே முதன்மை.

நம் அலுவலகத் தோழரொருவர் இருமல் நின்றதும் இன்ஹேலரை நிறுத்திவிட்டார். "மூச்சு இலேசாயிருக்கிறது" என்று அவர் சொன்ன அதே நாளில் கருவி 58 காட்டிற்று! மருந்தை மீண்டும் தொடங்கினார். மூன்று மாதத்தில் 22க்கு இறங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரன் பார்க்க வருவோர் கண்ணில் படலாகாதென்று மகளின் இன்ஹேலரைப் பீரோவில் பூட்டிவைக்கும் வீடுகள் நம் காலனியிலும் உள. பூட்டிய நாள்களில் அப்பெண்ணின் மூச்சுக்குழாயில் வீக்கம் ஓசையின்றி வளரக்கூடும். அப்பெற்றோரை நாம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்: பீரோவைத் திறந்துவிடுங்கள்.

சோதனைக்குச் செல்வோர் ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே ஒன்றும் உண்ணாதிருக்க வேண்டும். குறிப்பாகக் கீரை; அது எண்ணை உயர்த்திக் காட்டும்.