வணிகவியல், மேலாண்மையில் முனைவர் பட்டம்: விதிகள் கேட்பதும் ஆய்வு கேட்பதும்

இந்தியாவில் வணிகவியலிலோ மேலாண்மையிலோ முனைவர் பட்டம் பெற என்ன வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறைகள் வரையறுக்கின்றன. இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் சேரலாம். நான்காண்டு இளநிலைப் பட்டத்தை 75 விழுக்காட்டுடன் முடித்தவரும் நேரே விண்ணப்பிக்கலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. சி.ஏ., கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட் தகுதிகளை முதுநிலைப் பட்டத்துக்கு நிகராக ஏற்கலாம் என்று மானியக் குழு 2021இல் அறிவித்தது; தணிக்கை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வர விரும்புவோருக்கு அது பெரிய வசதி. எம்.ஃபில். நிறுத்தப்பட்டதோ இழப்பு. ஆய்வு தமக்கு ஒத்துவருமா என்று பழகிப் பார்க்க இருந்த ஒரே படி அது.

நுழைவுக்கு நெட் தேர்வு இப்போது முக்கிய வழி. 2024 ஜூன் முதல் அதன் முடிவு மூன்று பிரிவுகளாக வருகிறது: இளநிலை ஆய்வு உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கை மட்டும். பின்னிரு பிரிவினருக்குத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 விழுக்காடு என்று கணக்கிடப்படுகிறது. ஐ.ஐ.எம்.களின் கதை வேறு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு அவற்றால் பட்டம் வழங்க இயலவில்லை. ஆய்வை முடித்தவருக்கு ‘ஃபெலோ’ என்ற தகுதியே கிடைத்தது. இன்று அவையும் முனைவர் பட்டமே தருகின்றன.

சேர்ந்த பிறகு குறைந்தது 12 கிரெடிட் வகுப்புப் பாடம். ஆய்வு முறையியலோடு, ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகளும் அதில் கட்டாயம். குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு; மறுபதிவு செய்தால் மேலும் இரண்டாண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் இயலாமை உள்ளவர்களுக்கும் பத்தாண்டு வரை நீட்டிப்பு உண்டு. பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நால்வருக்கும் மேல் ஒரே நேரத்தில் வழிகாட்டக் கூடாது. பகுதிநேர ஆய்வாளர் தம் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்றும் கொண்டுவர வேண்டும்.

இவை அனைத்தும் காலத்தையும் எண்ணிக்கையையும் அளப்பவை. ஆய்வின் தரத்தைத் தீர்மானிப்பது கேள்வி. அதிக நேரம் ஒதுக்கத்தக்க பொருளும் அதுவே. தமிழ்நாட்டு வணிகவியல் துறைகளில் பழகிப்போன ஓர் ஆய்வேட்டு வடிவம் உண்டு. ஏதோ ஒரு மாவட்டம், ஏதோ ஒரு சேவை, ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்ற தலைப்பு. ஐந்து நிலை லைகர்ட் அளவுகோலில் கேள்வித்தாள், 384 பேரிடம் விடை, எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் சதவீதப் பகுப்பாய்வு, கை-வர்க்கச் சோதனை. கிரான்பாக் ஆல்ஃபா 0.7ஐத் தாண்டியதும் நிம்மதி. அந்த 384 எங்கிருந்து வந்தது என்று வைவாவில் கேட்டால், கிரெஜ்சியும் மார்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணை பதிலாக வரும். பத்து லட்சம் பேர் கொண்ட தொகுதியில் ஒரு விகிதத்தை 5 விழுக்காட்டுப் பிழை எல்லைக்குள், 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு மதிப்பிடத் தேவையான எண் அது. அதுவும் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தால்தான். கடைவாசலில் கிடைத்தவர்களிடமும் வாட்ஸ்அப் குழுவிலும் நிரப்பி வாங்கிய படிவங்களுக்கு அந்த எண் எந்தப் பாதுகாப்பும் தராது. காரணத்தையும் விளைவையும் இணைக்கும் மாதிரிகளுக்கு மாதிரி அளவைக் கணக்கிடும் முறையே வேறு. வாடிக்கையாளர் திருப்தியை ஆய்வது குற்றமில்லை. முன்பே தெரிந்த விடையை இன்னொரு மாவட்டத்தில் நிரூபிப்பதுதான் வீண்வேலை.

மாறாக, சி.எம்.ஐ.இ.யின் புரோவெஸ் தரவுத்தளத்தில் நிறுவனங்களின் பல ஆண்டுக் கணக்குகள் கிடைக்கின்றன. ஒரு சட்டத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அவற்றின் கடன் அமைப்பு மாறியதா, மாறியதற்கு அந்தத் திருத்தமே காரணமா என்று கேட்பவருக்குக் கோட்பாடும் வேண்டும், எக்கனோமெட்ரிக்ஸும் வேண்டும். டாக்டோரல் கமிட்டி முதல் கூட்டத்திலேயே கேட்க வேண்டியது, விடை எப்படி வந்தால் ஆய்வாளர் தம் கருதுகோள் தவறு என்று ஒப்புக்கொள்வார் என்பதே.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற 2016 விதியின் கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கின. ஆயினும் பல பல்கலைக்கழகங்கள் தம் அளவில் அதை வைத்திருக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களின் பெருக்கத்தைப் பார்த்தால் நீக்கியதில் நியாயம் உண்டு. கருத்துத் திருட்டுக்கு 2018இன் தனி விதிகள்: ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனையில்லை, 40 வரை ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும், 60 வரை ஓராண்டுத் தடை, அதற்கு மேல் பதிவே ரத்து. மென்பொருள் சொற்களின் ஒப்புமையை மட்டுமே காட்டும். வரிகளை மாற்றி எழுதிய திருட்டை நெறியாளர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆய்வேட்டை நெறியாளரோடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள். பிறகு பொது வைவா. சமர்ப்பித்த ஆறு மாதத்துக்குள் இவை முடிய வேண்டும். பட்டம் வழங்குமுன் ஆய்வேட்டின் மின்படி இன்ஃப்லிப்நெட்டுக்குப் போய், சோத்கங்கா களஞ்சியத்தில் எவரும் படிக்கும்படி வைக்கப்படுகிறது.